இன்னும் கொஞ்சம் பின்னாடி

படத்தின் மேல் போட்டிருந்த துண்டு ஈரமாக இருந்தது.

தைரியராஜ் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆடி மாதம் போட்ட துண்டு. அதற்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்க வீட்டில் வேறு ஆளும் இல்லை. மழைக்குச் சுவர் ஊறியிருக்கும் என்று பக்கத்தில் தடவிப் பார்த்தார். சுவர் காய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. துண்டின் கீழ்க்கரை மட்டும், யாரோ ஆற்றில் முக்கிப் பிழியாமல் கொண்டுவந்து போட்டதுபோலக் கனத்துத் தொங்கியது. மூக்கருகே கொண்டுபோனார். புதுவெள்ளத்தில் வருகிற வண்டல் வாடை.

துண்டை எடுத்துக் கொடியில் போடலாம். எடுத்தால் அடியில் இருக்கிற முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அது அவருடைய அண்ணன் ஸ்டீபன்ராஜின் ரூம். பாலக்கரையில் சந்துக்குள் இருக்கிற ஓட்டு வீடு அது. முன்னால் கூடம், ஓரத்தில் அடுப்படி, பின்னால் இந்த ரூம். பக்கச் சுவரை ஒட்டி ஒரு கட்டில். படங்கள் மாட்டிய சுவருக்கும் அதற்கு எதிரில் நிற்கிற பச்சை பீரோவுக்கும் நடுவில் நாலு எட்டு வைக்க இடம் கிடையாது. படங்கள் எல்லாம் ஒரே ஆளின் முகம்.

அண்ணன் பொன்மலைப் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். ரயில் பெட்டியில் நம்பர் எழுதுகிற வேலை. வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவருடைய பெயர்த் திருநாளன்று, சவரக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துத் தன் முகத்தைத் தானே பலகையில் வரைவார். வாலிபத்தில் தொடங்கிய பழக்கம். கல்யாணம் இல்லை, குடி இல்லை, இது ஒன்றுதான். சுவரில் அந்த முகம் மீசை முளைத்து, தாடை தடித்து, முடி கொட்டி, கன்னம் வற்றி, வரிசையாகக் கிழடாகிக்கொண்டே போகும். எல்லாப் படத்திலும் அவருடைய வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருக்கும்.

"மச்சம் எடம் மாறிப்போச்சேண்ணே" என்று தைரியராஜ் ஒருமுறை கேட்டார்.

"கண்ணாடிக்குள்ள இருக்கிறவன்டா இவன். இவனத்தான் எனக்குத் தெரியும். நீ பாக்குற ஆள நான் பாத்ததே இல்லியே" என்றார் அண்ணன்.

வரையும்போது பிரஷ்ஷைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்ப்பார். முதுகு பீரோவில் இடிக்கும்வரை போவார். இடித்து இடித்தே பீரோக் கதவின் தகரம் முதுகு உயரத்தில் குழிந்துவிட்டது. முதுகு பட்டால் தகரம் உள்ளே போகும், எடுத்தால் 'டொங்'கென்று வெளியே வரும். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற தைரியராஜுக்கு அந்தச் சத்தம் கேட்கும். "கிட்ட நின்னா வெறும் பெயிண்ட்தான். பின்னாடி போனாத்தான் மூஞ்சி" என்பார் அண்ணன்.

கை நடுங்க ஆரம்பித்ததும் பிரஷ் போனது. அக்காள் மகள் ஜாஸ்லின் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் தன்னைத் தானே எடுக்கக் கற்றுக்கொண்டார். "பெயிண்ட்ல வருஷத்துக்கு ஒரு மூஞ்சி. இதுல ஒரு நாளைக்கு நூறு மூஞ்சி. எதுலயும் நான் இல்லடா" என்று ஒருநாள் சொன்னார். வேடிக்கைப் பேச்சு என்று தைரியராஜ் நினைத்தார். அன்றைக்கே அண்ணனுக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் போனை நீட்டிக் காட்டி, "யாரு இவன்? என் ரூம்ல எதுக்கு இருக்கான்?" என்று கத்தினார். கடைசி ஒரு வருடம் தம்பியையும் தெரியவில்லை. பகலெல்லாம் படம் எடுப்பார். ராத்திரியெல்லாம் கதவைத் தட்டி, வீட்டுக்குப் போகணும் என்பார்.

இப்போது அண்ணன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு தைரியராஜ் ஒரே பதில்தான் வைத்திருந்தார். வையம்பட்டி பக்கம் ஒரு ஹோமில் சேர்த்திருக்கிறேன், சிஸ்டர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு ஹோம் இல்லை. ஆடி மாதத்திலிருந்து ஸ்டீபன்ராஜ் எங்கேயும் இல்லை.

*

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் அண்ணனை ஆட்டோவில் ஏற்றி பேங்குக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைத்துவிட்டு வருவார்கள். காட்டாவிட்டால் பென்ஷன் நிற்கும். அரிசிக்குத் திண்டாட்டம்தான், தைரியராஜுக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய உடம்பு, எப்படியும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டு ஓர் ஆள் வருவான். ஹோம் எங்கே என்பான். அவனை எப்படிச் சமாளிப்பது என்று தைரியராஜுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கிற நஸ்ருல்லாதான் வழி சொன்னான்.

"பேங்குக்கெல்லாம் தூக்கிட்டு அலைய வேணாம் பெரியவரே. இப்ப போன்ல மூஞ்சியக் காட்டுனாப் போதும். கல்யாணத்துக்கு செல்ஃபி, சாவுக்கு செல்ஃபி, கவர்ன்மென்ட்டுக்கும் செல்ஃபி."

"போட்டோவக் காட்டி ஏமாத்திட்டா?"

நஸ்ருல்லா சிரித்தான். "நீங்க மூட்ட தூக்குனவரா, சிஐடியா? கண்ணச் சிமிட்டணும். சிமிட்டுனாத்தான் எடுக்கும். போட்டோ சிமிட்டுமா?"

தைரியராஜின் போனிலேயே அதற்கான ஆப்பை ஏற்றி, அண்ணனின் ஆதார், பென்ஷன் நம்பர்களை எல்லாம் போட்டுத் தயாராக வைத்துக் கொடுத்தான். இங்கிலீஷ் தெரியாதே என்றதற்கு, எழுத்தையே பார்க்க வேண்டாம், நிறத்தைப் பாருங்கள் என்றான். "ஒரு வட்டம் வரும். முதல்ல உங்க மூஞ்சி, யாரு எடுக்குறாங்கன்னு அதுக்குத் தெரியணும். அப்புறம் போனத் திருப்பி அண்ணன் மூஞ்சி. செவப்பு வந்தா ஆகல, மறுபடி எடுங்க. மஞ்சள் வந்தா மூஞ்சி ரொம்பக் கிட்ட இருக்கு, வட்டத்துக்குள்ள அடங்கல, நீங்க கொஞ்சம் பின்னாடி போகணும். பச்சை வந்தா முடிஞ்சுது, ஆளு உயிரோட இருக்காரு."

"சரி பாய்."

"நான் வேணா கூட வரேனே. வையம்பட்டிதான, பைக்குல போயிட்டு வந்துடலாம்."

"வேணாம்" என்றார் தைரியராஜ். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நஸ்ருல்லா நிமிர்ந்து பார்த்தான். "புது ஆளப் பாத்தா கத்துவாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

*

கல்லறைத் திருநாள் அன்று மாலை தூறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பும் செவ்வந்தியும் உருகுகிற மெழுகும் சேர்ந்த வாடை. ஜாஸ்லின் உறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, குடும்பக் கல்லறையைத் துடைத்துப் பூப்போட்டு வைத்திருந்தாள். ஸ்கூல் டீச்சர். எதையும் ஒரு தரம் பார்த்தால் கணக்குச் சரியா என்று பார்க்கிற கண்.

தைரியராஜ் மெழுகுவத்திகளைப் பற்றவைத்து வரிசையாக நட்டார்.

"தாத்தாவுக்கு, பாட்டிக்கு, அத்தைக்கு" என்றாள் ஜாஸ்லின். அத்தை என்றது தைரியராஜின் செத்துப்போன மனைவியை. "கையில இன்னொண்ணு வச்சிருக்கீங்களே, அது யாருக்கு மாமா?"

கையைப் பார்த்தார். கடையில் எத்தனை கேட்டோம் என்று நினைவில்லை. அவருக்குத் தெரியாமலே கை நாலாக வாங்கியிருக்கிறது.

"கரண்ட் போனா ஆகும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பெரிய மாமாவப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். ஹோம் பேரு என்ன?"

"கத்துவாரு பிள்ள. புது ஆளுன்னா ஆகாது."

"நான் புது ஆளா?"

"அவருக்கு நானே புது ஆளுதான்."

அவள் சரிந்த மெழுகுவத்தி ஒன்றை நிமிர்த்தி நட்டாள். "அப்ப ஒரு செல்ஃபியாவது அனுப்புங்க. நீங்களும் அவரும் சேர்ந்து நிக்கிற மாதிரி. அவருக்குத்தான் அது பிடிக்குமே."

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். பெயர் சொல்லி மன்றாட ஆள் இல்லாத ஆத்துமாக்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள். தைரியராஜ் சட்டைப் பையில் இருந்த மெழுகுவத்தியைத் தொட்டுப் பார்த்தார். தீர்த்தத்தில் ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்து முதுகுக்குள் இறங்கியது. அது ஆற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

சுவரில் இருக்கிற படத்தைக் காட்டியாவது இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கவர்ன்மென்ட்டே உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவன் கேட்பான். ஜாஸ்லினிடமும் அதைக் காட்டி வாயை அடைக்கலாம்.

*

வீட்டுக்கு வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழுகிற சத்தம், முற்றத்துத் தகரத்தில் விழுகிற சத்தம், சந்துச் சாக்கடையில் ஓடுகிற சத்தம், இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தது. நிதானமாக, ஒன்று விழுந்து இன்னொன்று விழுவதற்குள் ஆள் மூச்சுவிடும் அளவு இடைவெளி விட்டு, சொட்டுகிற சத்தம். அது சாத்திய ரூமுக்குள்ளிருந்து வந்தது.

துண்டுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஈரத் துண்டு சொட்டத்தான் செய்யும்.

இருட்டில் உட்கார்ந்தால் அந்த நாள் வந்துவிடும். அதனாலேயே அவர் பொழுது சாய்வதற்கு முன்னால் விளக்கைப் போட்டுவிடுவார். இன்று போட விளக்கு இல்லை.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏற்றினால் அடங்குவார் என்று ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனார் தைரியராஜ். கூட்டமெல்லாம் காவிரிப் பக்கம் அம்மா மண்டபத்தில் இருந்தது. இவர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போனார்கள். அங்கே பாசி பிடித்த ஒரு பழைய படித்துறை, ஆள் நடமாட்டம் இல்லை. செம்மண் நிறத்தில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு, சத்தமே போடாமல், மொத்தமாக நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போனைத் தூக்கினார்.

"தலை வெட்டுப்படுதுடா. முழுசா விழல."

"பின்னாடி போண்ணே" என்றார் தைரியராஜ், மேல் படியில் நின்றபடி.

முதல் தடவை சொன்னது சும்மா. வாய்க்கு வந்ததைச் சொன்னது. அண்ணன் ஒரு படி இறங்கினார். பெயிண்ட் அடித்த காலத்துப் பழக்கம், திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே நகர்கிற கால். முதுகில் பீரோ இடிக்கும் என்று அந்தக் காலுக்கு ஒரு நம்பிக்கை. தைரியராஜ் பாசியைப் பார்த்தார். அதற்கு அப்புறம் படி இல்லாததையும் பார்த்தார். மேலே நின்றவரின் தோளில் துண்டு, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை, பல நாள் தூங்காத கண்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போண்ணே."

ரெண்டாவது தடவை சொன்னது சும்மா இல்லை.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தலை ஒருமுறை மேலே வந்தது. ஒரு வருடமாகத் தம்பியை யாரென்று தெரியாமல் இருந்த மனிதர், கழுத்தளவு தண்ணீரில் இருந்து அவரைப் பார்த்து, தெளிவாக, "தைரியம்" என்று கூப்பிட்டார். சின்ன வயதில் கூப்பிடுகிற பெயர்.

தைரியராஜ் கட்டிய கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது கண்டக்டரிடம் ரெண்டு டிக்கெட் என்று கேட்டார். பிறகு, ஒண்ணு என்றார்.

*

டொங்.

ரூமுக்குள் பீரோத் தகரம் எழும்புகிற சத்தம்.

தைரியராஜ் கூடத்தில் எழுந்து நின்றார். மழைக் குளிருக்கு இரும்பு அப்படித்தான் சத்தம் போடும். லாரியில், ஷெட்டில், எத்தனை தடவை கேட்டிருக்கிறார். சட்டைப் பையில் இருந்த மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்தார். பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் இந்த வேலை இன்றைக்கும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. ஜாஸ்லின் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பாள்.

கதவைத் திறந்தார். வண்டல் வாடையும் பழைய டர்பன்டைன் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. மெழுகை உருக்கிக் கட்டில் கால்மாட்டுச் சட்டத்தில் வத்தியை ஒட்டினார். சுவரெங்கும் அண்ணன்கள் வெளிச்சம் ஆட ஆட அசைந்தார்கள். வெளிச்சம்தான் அசைகிறது. துண்டைப் பிடித்து இழுத்தார். தரையில் சப்பென்று விழுந்தது.

கை நடுங்குவதற்கு முன் அண்ணன் வரைந்த கடைசிப் படம். நீலக் கட்டம் போட்ட சட்டை, வற்றிய கன்னம், இடது பக்கத்து மச்சம். நேராகப் பார்க்கிற கண். ஆதாரில் இருப்பதும் அச்சாக இந்த முகம்தான்.

"ஒரு தடவதாண்ணே. அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நஸ்ருல்லா சொன்னபடி போனைத் தொட்டார். வட்டம் வந்தது. முதலில் அவருடைய முகம். தன்னைத் தானே இப்படி அவர் பார்த்ததில்லை. கீழிருந்து வெளிச்சம் பட்டு, கண்ணுக்கு அடியில் குழி விழுந்து, செத்தவன் மாதிரி இருந்தது. தோளுக்குப் பின்னால் பச்சை பீரோ தெரிந்தது. கண்ணைச் சிமிட்டினார். பச்சை.

போனைத் திருப்பிப் படத்துக்கு நேராகப் பிடித்தார். அண்ணன் முகம் வட்டத்துக்குள் வந்து நின்றது.

சிவப்பு.

மறுபடி. சிவப்பு. போனை லேசாக ஆட்டிப் பார்த்தார். சிவப்பு. இடது கையைக் கண்களுக்குக் குறுக்கே விசிறி போல ஆட்டி நிழல் விழச் செய்தார். நிழல் விழுவதும் சிமிட்டுவதும் ஒன்று என்று அந்த எந்திரத்தை நம்பவைக்க அவரால் முடியவில்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எரிச்சல் வந்தது. பயம் போய் எரிச்சல் வந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மாத்திரை முழுங்கச் சொல்லிக் கெஞ்சுகிற பழைய குரல் தன்னை அறியாமல் வெளியே வந்தது.

"கண்ணச் சிமிட்டுண்ணே. ஒரே ஒரு தடவ. நல்ல அண்ணன்ல."

போனில், அண்ணன் கண்ணை மூடினார்.

மெதுவாக. பெயிண்ட் காய்ந்த இமைகள் கீழே இறங்கின. ஓரத்தில் ஒரு பொறுக்கு உதிர்ந்தது. பிறகு திறந்தன.

தைரியராஜின் கை அப்படியே நின்றது. வட்டம் பச்சையாகும் என்று காத்திருந்தார். ஆகிவிட்டால் போனை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சந்தில் இறங்கி ஓடிவிடலாம்.

மஞ்சள்.

முகம் வட்டத்துக்குள் அடங்கவில்லை. இதுவரை அடங்கியிருந்த முகம். இப்போது நெற்றியும் தாடையும் வட்டத்துக்கு வெளியே போயிருந்தன. போனை அவர் நகர்த்தவில்லை. மச்சத்தைப் பார்த்தார். அது வலது கன்னத்தில் இருந்தது. நிஜத்தில் இருந்த பக்கம்.

கண்ணாடிக்குள் இருக்கிறவன் இல்லை இது.

போனைத் தாழ்த்தினால் போதும், அந்தப் பக்கம் என்ன என்று தெரிந்துவிடும். அதனால் தாழ்த்தவில்லை. போன் இருக்கும்வரை அது போனில் இருக்கிற படம். போன் இல்லாவிட்டால் அது எதிரில் நிற்கிற ஆள். சொட்டுகிற சத்தம் இப்போது சுவர்ப் பக்கம் இல்லை. அவருடைய கால் விரலுக்கு முன்னால் கேட்டது.

ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

மஞ்சள். முகம் இன்னும் பெரிதாக இருந்தது. ஈரமான மூக்கு. ஈரமான மீசை.

இன்னொரு எட்டு. பீரோ இடிக்கும். இடிக்கட்டும். முதுகில் அந்தத் தகரம் பட்டால் போதும், டொங்கென்று கேட்டால் போதும், ரூம் ரூமாகத்தான் இருக்கிறது என்று ஆகிவிடும்.

இன்னொரு எட்டு.

பீரோ வரவில்லை.

மஞ்சள்.

இன்னொன்று. நாலு எட்டு வைக்க இடமில்லாத ரூம். பின்னால் கையைத் துழாவினார். காற்று. குளிர்ந்த, அகலமான காற்று. ஓட்டின் மேல் விழுந்த மழைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அதற்குப் பதில் வேறொன்று. சத்தமே போடாமல், மொத்தமாக, எதுவோ நகர்கிற சத்தம்.

வெறும் காலின் குதி கல்லில் பட்டது. சிமெண்டுத் தரை இல்லை. கல். வழவழவென்று. பாசி.

நிற்க வேண்டும் என்று நினைத்தார். கால் நிற்கவில்லை.

"தலை வெட்டுப்படுதுடா" என்றது எதிரிலிருந்து குரல். அன்பான குரல். திருநாள் அன்று பிரஷ்ஷோடு நின்று பேசுகிற குரல். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ, தைரியம்."

ஒரு படி.

கணுக்கால்வரை குளிர்.

"இன்னும் கொஞ்சம்."

முழங்கால். வேட்டி கனத்துக் காலில் சுற்றியது.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி."

இடுப்பு. நெஞ்சு. போனை மட்டும் தலைக்கு நேராகப் பிடித்திருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வந்தது. நெற்றி உள்ளே வந்தது. காது உள்ளே வந்தது. தண்ணீர் கழுத்துக்கு ஏறியபோது தாடையும் உள்ளே வந்து, முகம் முழுசாக வட்டத்துக்குள் அடங்கியது. அழகாக. ஒரு தடவை சிமிட்டியது.

பச்சை.

போன் கையிலிருந்து நழுவியது. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

மேல் படியில், கல்லறைக்கு வாங்கிய மெழுகுவத்தியின் வெளிச்சத்தில், அண்ணன் நின்றிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் துண்டு. கால் இரண்டும் காய்ந்திருந்தன.

"அண்ணே" என்றார் தைரியராஜ்.

அண்ணன் அவரை நன்றாகத் தெரிந்த கண்ணோடு பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.